பாத்துப் பண்ணுங்க

சாவிக்காரருக்கு வினைச்சொல் வராது. படிப்பில் குறையில்லை, திக்குவாயும் இல்லை. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. அவருக்கோ கடைசிவரை போகிற வழக்கமில்லை. எதை ஆரம்பித்தாலும் பாதி வழியில், “அதான்... கொஞ்சம் அந்தப் பக்கமா...” என்று இழுத்து நிறுத்திவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். மிச்சத்தை அவர்கள்தான் சொல்லி முடிக்க வேண்டும். முடிக்கத் தெரியாமல் முழிப்பவர்களுக்கென்று ஒரே ஒரு முழு வாக்கியம் கைவசம் வைத்திருந்தார்: “நீங்களே பாத்துப் பண்ணுங்க.”

இந்த வாக்கியத்தால் அவர் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. தையல்காரர் பார்த்துப் பண்ணியதில் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பல் வைத்தியர் பார்த்துப் பண்ணியதில் நல்ல பல் போய் சொத்தைப் பல் மிஞ்சியது. வீடு கட்டும்போது மச்சான் பார்த்துப் பண்ணினார். படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். கல்யாணம்கூட அப்படிப் பார்த்துப் பண்ணி வைத்ததுதான். அதில் அவருக்கு நஷ்டமில்லை. தனக்கு உண்டா என்பதை மனைவி சொன்னதில்லை.

தொழிலில் இதனால் தொந்தரவு வந்ததே கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் ஒரு சாவியைக் கொடுப்பார்கள், இவர் அதற்கு ஒரு ஜோடியை அரைத்துத் தருவார். நடுவில் பேச்சுக்கு என்ன வேலை?

மகள் அப்பாவுக்கு நேரெதிர். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிற பெண். மழையில் நனைந்துகொண்டு கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, “இது இங்கதான் இருக்கும்” என்று சொன்னாள், அது இருந்தது. வளர்ந்தபோது உடம்பெல்லாம் முடி மண்டி, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று தெரியாத ஒரு துணி மூட்டையாக ஆனது. பிஸ்கட்டை நீட்டினால் எந்தப் பக்கம் நகர்ந்து வருகிறதோ அது முன்பக்கம். பெயரும் மூட்டை என்றே நிலைத்தது. ராத்திரி அவள் கால்மாட்டில் படுத்துக்கொள்ளும். அந்தக் கனம் காலில் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

சமீப காலமாக மூட்டையின் கண்களை முடி மூடிவிட்டது. கதவில் முட்டிக்கொண்டது. சாவிக்காரரின் காலை மேசைக்கால் என்று நினைத்து அதற்குரிய மரியாதையைச் செய்தது. மகள் கத்தரிக்கோலை எடுத்தாள். மனைவி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டில் வைத்து நாய்க்கு முடி வெட்டக் கூடாது, அதற்கென்று ஏற்பட்ட சீர்மை மையத்தில்தான் வெட்ட வேண்டும் என்று போன வருடம் ஆணை வந்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் சந்தைப் பக்கம் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாய்களோடு சண்டை போட்டுக்கொண்டே வெட்டுவார். மையம் வந்த பிறகு ஸ்டூல் மட்டும் அங்கே கிடந்தது, பிறகு அதையும் காணவில்லை. அவர் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“கண்ணு மேல விழுற முடிய மட்டும் வெட்டணும். வேற எங்கயும் கை வைக்கக் கூடாது. இத அப்படியே சொல்லணும். சொல்லுவியாப்பா?”

“அதெல்லாம்...”

“சொல்லுவேன்னு சொல்லு.”

“சொல்லுவேன்” என்றார் சாவிக்காரர். ஒரு முழு வினைச்சொல்லை வாயால் சொல்லிவிட்ட களைப்பு அவருக்குத் தெருமுனை வரை இருந்தது. அதன்பின் சின்னதாக ஒரு பெருமையும் வந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனார். கண்ணு மேல விழுற முடிய மட்டும் வெட்டணும். வெட்டணும். வெட்டணும். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மையம் வெள்ளை வெளேரென்று நின்றது. உள்ளே கால் வைத்ததும் குளிர் கழுத்தைப் பிடித்தது. நாய்கள் வந்து போகிற இடம் என்று சொல்ல முடியாது. நாய் வாசனை இல்லை, தரையில் ஒரு முடி இல்லை, குரைப்பும் இல்லை. எங்கோ கீழ்த்தளத்தில் ஒரு மிஷின் மட்டும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. தொழில் புத்தி, சாவிக்காரர் திரும்பிப் பூட்டைப் பார்த்தார். நல்ல பூட்டு, விலையுயர்ந்த பூட்டு. உள்பக்கம் சாவித்துளை இல்லை. கைப்பிடியும் இல்லை.

‘இதென்ன’ என்று கேட்க நினைத்தார். நினைத்ததோடு சரி.

“வாங்க சார். விருந்தினர் பேரு?” என்றாள் கவுண்டரில் இருந்த வரவேற்புப் பெண். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போன்ற குரல்.

விருந்தினர் யார் என்று அவர் திரும்பிப் பார்த்தார். “நாயா?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “அந்தச் சொல்ல நாங்க இங்க பயன்படுத்துறதில்ல சார். அவங்க மனசு நோகும். விருந்தினர்னுதான் சொல்லுவோம். நீங்க உடன்வந்தவர்.”

உடந்தை என்று சொல்லாமல் விட்டார்களே என்று அவர் நினைத்துக்கொண்டார். “மூட்டை” என்றார்.

“அழகான பேரு. வெட்டுறதுங்கிற சொல்லும் இங்க கிடையாது. விடுவிக்கிறதுன்னு சொல்லுவோம். இப்ப உங்க விருப்பத்தச் சொல்லுங்க. எத விடுவிக்கணும்?”

தெருவெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வினைச்சொல்லை அவள் நொடியில் பிடுங்கிக்கொண்டாள். சாவிக்காரரின் வாய் வெறுமையாகிவிட்டது. “எழுதி வேணா...” என்றார்.

“எழுத்தெல்லாம் வேணாம் சார். எழுதினத அழிக்கலாம், கிழிக்கலாம். வாய்ச்சொல்ல என்ன பண்ண முடியும்? இங்க சொன்னது சொன்னதுதான். அதுதான் எங்க பெருமை.”

“கண்ணு மேல... விழுதில்ல... அந்த முடி மட்டும்...” என்று இழுத்து, வழக்கம்போல் அவள் முகத்தைப் பார்த்தார்.

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் முடித்துவைத்திருப்பார்கள். இவள் முடிக்கவில்லை. புன்னகையோடு காத்திருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் வேலையாக இருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கீழே ஓடிய மிஷின்கூட நின்றுவிட்டது. மூட்டை அவர் காலில் சாய்ந்துகொண்டது. அவருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

“மட்டும்?” என்றாள் அவள்.

“அதான்... நீங்களே பாத்துப் பண்ணுங்க.”

அவள் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஒரு மணியை அழுத்த, சுவர் என்று அவர் நினைத்திருந்த ஒன்று திறந்து, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். மூட்டை திரும்பிப் பார்த்தது. திரும்பியது முன்பக்கம்தான் என்று சாவிக்காரர் நம்பினார். சுவர் மூடிக்கொண்டது. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

“எவ்வளவு நேரம்...” என்றார்.

“கூடத்துல உக்காருங்க சார். உங்க ஆட்கள் இருப்பாங்க.”

உடன்வந்தவர்கள் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிற இந்த மாதத்தில் ஒருவர் கனமான குளிர்காலக் கோட்டு போட்டிருந்தார். சாவிக்காரர் உட்கார்ந்ததும் கோட்டுக்காரர் மெதுவாகச் சாய்ந்து, “நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். சிறைக்குள் வந்தவனைப் பார்த்து என்ன வழக்கு என்று கேட்பது மாதிரி இருந்தது.

“பாத்துப் பண்ணுங்கன்னு...”

கோட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “நான், ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லிட்டேன். ஒரு மரியாதைக்குச் சொல்றதுதானே. அவங்களும் அவசரப்படல.” கோட்டின் முழங்கை தேய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. “வந்தப்ப நல்ல பனி.”

மூலையில் கண்ணாடி போட்ட ஒரு அக்கா. யாரும் கேட்காமலேயே அவர் சொன்னார்: “நான் சொன்னது, உங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கங்கன்னு. இப்ப இந்த மையத்துத் தலைவர் வீட்டுலதான் வளருது. அவரு பொண்ணோட ஒரே கட்டில்ல படுக்குதாம். கேட்டா, நீங்கதானம்மா கொடுத்தீங்கங்கிறாங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கொடுக்கலப்பா. பேச்சுக்குச் சொன்னேன்.”

மூன்றாமவன் ஒரு இளைஞன். நாயை இங்கே விடலாமா என்று விசாரிக்க நாயோடு வந்தவன், உள்ளே வரும்போது “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று சொல்லியிருக்கிறான். தினமும் அவனை ஒரு சன்னல் அருகே அழைத்துப் போய் அவனுடைய நாயைக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டுப் போகிறான். மறுநாள் வருகிறான்.

சாவிக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். ஆயுள் முழுக்க எவ்வளவு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இது உங்க வீடு மாதிரி என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவர்கள் ஒருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பொருள் விளக்க அலுவலர் என்று ஒருவர் வந்து அழைத்தார். மெலிந்த உடம்பு, தேன் தடவிய பேச்சு. நீளமான ஒரு தாழ்வாரத்தில் நடந்துகொண்டே விளக்கினார்.

“உங்க வாக்கியம் ரொம்ப அரிதானது சார். பெரும்பாலானவங்க இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு சின்னத்தனமா சொல்லுவாங்க. நீங்க மொத்தமா கொடுத்துட்டீங்க. அதுல ரெண்டு பாகம் இருக்கு. ஒண்ணு, பாத்து. ரெண்டு, பண்ணுங்க. அதனால இங்கயும் ரெண்டு பிரிவு. மேல பாக்குற பிரிவு. கீழ பண்ற பிரிவு.”

“ஒரே ஆளு ரெண்டையும்...”

அலுவலர் நின்றுவிட்டார். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார். “அது முறைகேடு சார். பாக்குறவனே பண்ணினா, தான் பண்ணப்போறதுக்கு வசதியாப் பாப்பான். பண்றவனே பாத்தா, பாவமாப் போயி பண்ணாம விட்டுருவான். அதனால பாக்குறவங்க பண்ண மாட்டாங்க. பண்றவங்க பாக்க மாட்டாங்க. மையம் இன்னைக்கு இவ்வளவு பெருசா வளந்து நிக்குதுன்னா அதுக்கு இதுதான் காரணம்.”

மேல்தளத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பார்க்கும் பிரிவு நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு மேடை, மேடையில் மூட்டை. சுற்றிலும் நாற்காலி போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார்கள். மூட்டைக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. யார் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. சாவிக்காரர் கண்ணாடியைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை, அவரைப் பார்ப்பது அவர்கள் வேலையாக இன்னும் ஆகவில்லை.

பார்க்கும் பிரிவின் மூத்தவர் வெளியே வந்து முடிவை அறிவித்தார்.

“என் சர்வீஸ்ல ஒரு விருந்தினரயும் நான் தொட்டதில்ல. தொட்டா பார்வை கெட்டுரும். பாத்த வரைக்கும் சொல்றேன். முதுகுல அலட்சியம் தெரியுது. வயித்துல ரகசியம் இருக்கு. வால்ல தன்னம்பிக்கை போதாது. காது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. எல்லாத்தயும் விடுவிச்சிரலாம்.”

“கண்ணு...” என்றார் சாவிக்காரர்.

மூத்தவர் முகத்தில் ஒரு துக்கம் வந்தது. “கண்ணுதான் எங்களுக்குத் தெரியல. முடி மறைக்குது. பாக்காத இடத்தப் பண்ணச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்ல. அந்த இடத்த மட்டும் தொடாம விட்டுரச் சொல்லியிருக்கோம்.”

சாவிக்காரருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தாழ்வாரத்தில் ஓடினார். ஒவ்வொரு கதவிலும் அதே பூட்டு, உள்பக்கம் மொழுமொழுவென்று. ஓடிய ஓட்டத்தில் தானாகவே தலைவர் அறைக்குள் வந்து சேர்ந்தார். அந்தத் தாழ்வாரத்தில் யார் எப்படி ஓடினாலும் அங்கேதான் வந்து சேருவார்கள்.

தலைவர் உயரமானவர், வழுக்கைத் தலை. ஒரு சுழல் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முடி வெட்டும்போது மனிதர்கள் உட்காருகிற நாற்காலி அது. நாய்களுக்கான இடத்தில் அது எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

“உக்காருங்க, சும்மா உக்காருங்க” என்றார் தலைவர். சாவிக்காரர் உட்கார்ந்தார். “பதட்டமா இருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் வராங்க. முடிதானேன்னு நினைக்கிறாங்க. முடி சாதாரண விஷயமில்ல. ஒரு பிராணி எங்க முடியணும்னு தீர்மானிக்கிறதுதான் முடி. இந்த ஊர்ல ஒவ்வொரு பிராணியும் தன் இஷ்டத்துக்கு அங்கங்க முடிஞ்சிட்டிருந்துச்சு. அத ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் எங்கள வெச்சாங்க. எங்ககிட்ட முடியாதுங்கிற பேச்சே கிடையாது.”

“இல்ல, எங்க பாப்பா சொல்லி அனுப்பிச்சது... கண்ணு மேல விழுறத மட்டும்...”

“நீங்க ஏற்கெனவே சொல்லிட்டீங்களே. சொன்னதுக்கப்புறம் சொல்றது, சொன்னதுக்கு எதிராச் சொல்றது. உங்களுக்கு எதிரா யாரு பேசினாலும் அத நாங்க அனுமதிக்க மாட்டோம். நீங்களே பேசினாலும் சரி. உங்க விருப்பத்த உங்ககிட்டேருந்து காப்பாத்துறதுதான் எங்க வேலை.” தலைவரின் குரல் தழுதழுத்தது. “எத்தன பேரு எங்கள நம்பிச் சொல்லிட்டுப் போறாங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாது. பாவம், தெரியாம இருக்கிறதுக்குத்தான் அவங்க இங்க வராங்க.”

கதவு திறந்தது. கையுறைக்காரர் எதையோ கயிற்றில் பிடித்து வந்தார்.

வந்தது தோல் நிறத்தில், ஒல்லியாக, விலா எலும்பு தெரிய, நான்கு காலில் நடுங்கிக்கொண்டு நின்றது. உடம்பில் ஒரு மயிர் இல்லை. வால் ஒரு குச்சி. நெற்றியிலிருந்து மூக்கு வரை மட்டும் பழைய முடி அப்படியே கற்றை கற்றையாகத் தொங்கி, கண்களைத் திரை போட்டு மூடியிருந்தது. அழகாகச் சீவி, நுனியில் வாசனைத் தைலம் தடவியிருந்தார்கள். அது இரண்டடி நடந்து மேசைக்காலில் முட்டிக்கொண்டது. குரைக்க வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“குரல்...”

“உங்க விருப்பத்துல அதுவும் அடங்கியிருந்துச்சு” என்றார் தலைவர்.

சாவிக்காரர் அழுதார். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதார். வாசலை மறித்துக்கொண்டு நின்ற மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. இன்றைக்கு ராத்திரி அவள் காலில் என்ன கனம் இருக்கும்? இந்தக் குச்சி உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது? இத்தனை வருடமாக வாக்கியங்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மனிதருக்கு, விட்ட பாதிகள் எல்லாம் சேர்ந்து நெஞ்சில் முட்டின. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். வாய் திறந்தது. வினைச்சொல் வந்தது.

“எனக்குப் பிடிக்கல” என்றார்.

அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், சத்தமாக. “எனக்கு இது பிடிக்கல.”

தலைவர் இரண்டு கைகளையும் கூப்பினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “எவ்வளவு தெளிவு. இதத்தான் சார் நாங்க எதிர்பாத்துட்டே இருக்கோம்.” மணியை அழுத்தினார். “பிடிக்கலன்னு சொல்றாரு. பிடிக்கிற பிரிவ வரச் சொல்லுங்க.”

இரண்டு பேர் வந்தார்கள். நன்றாக உடம்பு வளர்த்தவர்கள். ஒருவர் இடது கையையும் இன்னொருவர் வலது கையையும் பிடித்து, நோகாமல் நாற்காலியில் உட்காரவைத்து, வாரை மாட்டினார்கள். வெள்ளைத் துணி ஒன்று கழுத்தைச் சுற்றி வந்து பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

“இப்பப் பிடிச்சிருக்கா சார்?” என்று தலைவர் அன்போடு கேட்டார்.

இந்த இடத்தில் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பிரிவு இருக்கும் என்பது சாவிக்காரருக்குப் புரிந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டார். அதுவும் தப்பாகப் போனது.

“மௌனமா இருக்காரு” என்றார் பொருள் விளக்க அலுவலர், பின்னாலிருந்து. “சம்மதம்.”

“அப்படிச் சட்டுனு எடுத்துக்க முடியாது” என்றார் தலைவர். அவர் நியாயஸ்தர். “இப்ப இவரு விருந்தினர். விருந்தினரோட விருப்பத்த உடன்வந்தவருதான் சொல்லணும். இவரு கூட வந்தது யாரு?”

எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். அது சத்தமில்லாமல் மேசைக்காலோடு பேசிக்கொண்டிருந்தது.

“அதோட குரல நாமதான் எடுத்துட்டோம்” என்று அலுவலர் நினைவூட்டினார். “வீட்டுல கேட்டுரலாம்.”

ஒருவர் ஃபோனை எடுத்து வந்து மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மணி அடிக்கிற நேரத்தில் சுவரோரமாக நின்ற ஒரு ஆளைச் சாவிக்காரர் பார்த்தார். கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. கையில் கத்தரி. கட்டைவிரலில் நாய்ப்பல் பட்ட பழைய தழும்பு. சந்தையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாரே, அவரேதான்.

“அண்ணே” என்றார் சாவிக்காரர், மெதுவாக.

கறுப்புத் துணி குரல் வந்த பக்கம் திரும்பியது. “ஆடாம இருங்க தம்பி” என்று அவர் முணுமுணுத்தார். “பாக்காமப் பண்றதால கை கொஞ்சம் அங்க இங்க போகும். நீங்க ஆடினீங்கன்னா இன்னும் மோசமாயிரும்.”

மறுமுனையில் மனைவி எடுத்துவிட்டாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. அந்தச் சமையலறைச் சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

“அம்மா, சீர்மை மையத்துலேருந்து பேசுறோம்” என்றார் தலைவர். “உங்க வீட்டுக்காரர் எங்ககிட்டதான் இருக்காரு. நல்லா இருக்காரு. அவர எப்படித் திருப்பி அனுப்பணும்னு உங்க விருப்பத்தச் சொன்னா நல்லது.”

“என்னது? அவரயா? நாய்க்குத்தான சார் முடி வெட்டப் போனாரு?”

“அது முடிஞ்சிருச்சும்மா.”

சாவிக்காரர் வாரை இழுத்துக்கொண்டு முன்னால் எம்பினார். அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும். “ஏய், அத மட்டும்...” என்று கத்தினார். “அவங்ககிட்ட அத மட்டும்...”

சொல்லாதே என்பதுதான் மிச்சம். ஆனால் முப்பது வருடப் பழக்கம். வினைச்சொல் வருகிற இடத்தில் தன்னால் நின்று, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தார். எதிரே ஃபோன் இருந்தது. அதற்கு முகம் இல்லை.

“எத மட்டும்?” என்று மனைவி கேட்டாள். “இந்த மனுஷன் என்னைக்கு முழுசாப் பேசியிருக்காரு. என்னங்க, எத மட்டும்? ஐயோ, இங்க பால் பொங்குது. சார், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்களே பாத்துப் பண்ணுங்க.”

அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கவுண்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் இங்கேயும் இருந்தார், இப்போதும் துடைத்துக்கொண்டார்.

தலைவர் விரலைப் பொத்தான்மேல் வைத்தபோது ஃபோனுக்குள் தூரத்தில் காலடிச் சத்தம் ஓடி வந்தது. யாரோ யார் கையிலிருந்தோ பிடுங்குகிற சத்தம். பிறகு மகளின் குரல், பக்கத்தில், தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக:

“எங்க அப்பாவயும் மூட்டையையும் இப்பவே, இருக்கிற மாதிரியே...”

பொத்தான் அமுங்கியது.

சாவிக்காரர் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்திருப்பாள். அங்கே, அடுப்பங்கரையில், கடைசிச் சொல் வரை சொல்லியிருப்பாள்.

“என்னவோ சொல்ல வந்தாங்களே” என்றார் அலுவலர்.

“வாக்கியம் முடியலையே” என்றார் தலைவர். “பரவாயில்ல. மிச்சத்த நாம பாத்துக்கலாம்.”

மகளின் குரலைக் கேட்டோ என்னவோ, மூட்டை மேசைக்காலை விட்டுவிட்டுத் தடவித் தடவி வந்தது. நாற்காலியில் ஒருமுறை முட்டி, நிதானித்து, அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கனமே இல்லை. அவர் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. பார்க்கும் பிரிவினர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உள்ளே வந்து, அவரைச் சுற்றி உட்கார்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கத் தொடங்கினார்கள்.